‘10 மலை’: மலேசியத் தமிழுக்குப் பேச்சுணரி செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களுக்கும், அவர்களுக்கு மொழித்துணை செய்யும் தமிழாசிரியர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஒரு காணொளிக்குச் சப்டைட்டில் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. பேசியவர் செந்தூலில் வாழும் ஒரு முதியவர். நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்லி முடிப்பவர். “பத்துமலையின் 272 படிகளையும் அந்தக் காலத்தில் நாங்கள் வெறுங்காலோடுதான் ஏறினோம்” என்று அவர் சொல்ல, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் இயந்திரமான பேச்சுணரி “10 மலையின் 272 படிகளையும்” என்று எழுதித் தந்திருந்தது. படிக்கணக்கு சரி, மலைதான் பத்தாகப் பெருகிவிட்டது. அதே காணொளியில் அவருடைய பேத்தி, இன்றைய பிள்ளைகளின் வழக்கப்படி மலாய் உச்சரிப்பில் “பத்து கேவ்ஸ்” என்றாள். அதற்கு இயந்திரம் தந்த எழுத்து “பாட்டு கேஸ்”.

இந்த இரண்டும் ஒரே வகைப் பிழை அல்ல. தாத்தாவின் சொல்லை இயந்திரம் சரியாகவே கேட்டது. நம் ஊர்த் தமிழர் வாயில் எண்ணைக் குறிக்கும் பத்தும் மலையின் பெயரில் வரும் பத்தும் ஒலியில் ஒன்றே. அப்படி ஒரு மலை இருக்கிறது என்ற செய்திதான் அதனிடம் இல்லை. பேத்தியின் சொல்லிலோ முதல் ஒலியே தமிழ் எழுத்தில் இல்லாத ஒன்று. கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல்லை அவள் மலாய்க்காரரைப் போலக் குரல் அதிரத் தொடங்கினாள். நாம் அதற்கும் பகரம்தான் எழுதுகிறோம். இயந்திரத்துக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. முன்னது அறிவுக் குறை, பின்னது செவிக் குறை. இந்த மடல் செவிக் குறையைப் பற்றியது.

கோலாலம்பூரில் இருந்துகொண்டு இயந்திரம் எழுதிய தமிழைத் திருத்துவது எனக்குப் பல ஆண்டுப் பிழைப்பு. நான் மொழியியல் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனால் ஒரே இடறலை நாள்தோறும் பார்ப்பவனுக்கு அந்த இடறலுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. உங்களில் சிலரிடம் இதைச் சொன்னபோது இரண்டு பதில்கள் கிடைத்தன. பொறியாளர்கள், “ஒலியன் என்பது பழைய காலத்துச் சரக்கு, ஒலியையும் எழுத்தையும் மணிக்கணக்கில் ஊட்டினால் இயந்திரம் தானே கற்றுக்கொள்ளும்” என்றார்கள். ஆசிரியர்கள், “எழுதுவதுபோலவே ஒலிக்கும் மொழி நம்முடையது, இதற்கு எதற்குத் தனியாக ஓர் உச்சரிப்பு அகராதி” என்றார்கள். எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் இரண்டு பதில்களும் ஒரே வேலையை வேண்டாம் என்கின்றன: மலேசியத் தமிழர் வாயில் எந்தச் சொல் எந்த ஒலிகளாக வருகிறது என்று எழுதி வைக்கும் வேலையை. அந்த வேலையைச் செய்யாமல் இங்கே நல்ல பேச்சுணரி அமையாது என்பதே நான் சொல்ல வந்தது.

ஒலியன் என்பது வாயிலிருந்து வரும் ஓசைக்குப் பெயரன்று. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக்காட்டும் வேறுபாட்டுக்குப் பெயர். கல்லும் காலும் உயிரின் அளவால் வேறாகின்றன. மனமும் மணமும் நாக்கு நுனி தொடும் இடத்தால் வேறாகின்றன. பேச்சை இயந்திரம் ஏறத்தாழ நொடியில் நூறு முறை அளந்து பார்க்கிறது. ஒவ்வொரு அளவிலும் இன்ன அலைவரிசையில் இவ்வளவு ஆற்றல் என்ற எண்கள் மட்டுமே அதற்குக் கிடைக்கின்றன. அந்த எண்களின் ஓட்டத்துக்கும் ‘மணம்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்று முன்னோடிகள் கண்டார்கள். 1952இல் பெல் ஆய்வகத்தில் உருவான ஆட்ரி என்ற கருவி பத்து இலக்கங்களை, அதுவும் பழகிய குரலில், முழுச் சொல்லாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கண்டறிந்தது. பத்துச் சொற்களுக்கு அது போதும். பத்தாயிரம் சொற்களுக்கு ஆகாது. சொற்கள் எண்ணில் அடங்காதவை, ஒலியன்களோ சில பத்துகளில் அடங்குபவை என்பதால், ஒலியன்களைக் கற்பித்துவிட்டு, சொற்களை அவற்றின் கோவையாக ஓர் அகராதியில் எழுதிக் கொடுக்கும் முறை வந்தது. 1988இல் கை-ஃபூ லீ என்ற ஆய்வாளர் செய்த ஸ்பிங்க்ஸ் என்ற பேச்சுணரி ஏறத்தாழ 1000 சொற்களை, யார் பேசினாலும், விடாமல் பேசினாலும் அறிந்தது. அது ஒவ்வொரு ஒலியனையும் தனியாகக் கற்கவில்லை. இடப்பக்க ஒலியையும் வலப்பக்க ஒலியையும் சேர்த்து மூன்றாகக் கற்றது. ஓர் ஒலி தன் அண்டை அயலைப் பொறுத்து உருமாறும் என்ற உண்மையை அந்த ஏற்பாடு ஏற்றுக்கொண்டிருந்தது.

இப்போது அந்த நடுப்படி மறைந்துவிட்டது, உண்மைதான். 2022இல் வெளிவந்த விஸ்பர் என்ற பேச்சுணரி ஒலியன் அகராதி எதையும் கேட்பதில்லை. ஒலியை வாங்கி நேராக எழுத்தைத் தருகிறது. ஆனால் அது பயின்ற 680,000 மணி நேர ஒலியில், ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளுக்கும் சேர்த்து, அந்தந்த மொழியின் எழுத்தோடு வாய்த்தது 117,000 மணி நேரம் மட்டுமே. அந்தப் பந்தியில் தமிழுக்கு விழுந்த இலை எவ்வளவு சிறியது, அதில் காஜாங்கிலும் பட்டர்வொர்த்திலும் பேசும் தமிழுக்கு ஒரு பருக்கையாவது இருந்ததா என்பதை உங்கள் கணிப்புக்கே விடுகிறேன். வெள்ளமாக ஒலி கிடைக்கிற மொழிக்கு இயந்திரம் ஒலியன்களைத் தானே உள்ளுக்குள் வகுத்துக்கொள்ளும். யாரும் வகுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. கையளவு ஒலியே கிடைக்கிற ஒரு வழக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. ‘ஒலியன் தேவையில்லை’ என்பது பெரும் செல்வம் உள்ளவன் ‘கணக்கு எழுதத் தேவையில்லை’ என்பதைப் போன்றது. அவனுக்கு அது சரி.

போகிற போக்கில் இன்னொன்று. இத்தகைய அமைப்புகள் எழுத்தை யூடிஎஃப்-8 என்ற குறிமுறையின் பைட்டுகளாக, அதாவது கணினி சேமிக்கும் சிறு அலகுகளாக, வெட்டிக் கையாள்கின்றன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு குறியீடுகள், ஆறு பைட்டுகள். ஆக, இயந்திரம் கையாளும் துண்டு ஒலியனும் அன்று, எழுத்தும் அன்று. சில வேளை எழுத்தின் உடைசல்.

இனி ஆசிரியர்களுக்கு. தமிழ் எழுத்து ஒலியனுக்கு மிக அருகில் நிற்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுத்து முப்பது, சார்ந்து வருவன மூன்று என்று கணக்கிட்ட தொல்காப்பியம், ஓசைகளை எண்ணவில்லை, வேறுபாடுகளை எண்ணியது. ஐரோப்பாவில் ஒலியன் என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உருப்பெற்றது. ஆனால் நம் எழுத்து ஒலியனைக் காட்டுகிறது என்பதே, அது ஓசையைக் காட்டவில்லை என்பதற்கும் சான்று. கண், பக்கம், தங்கம், மகன் என்ற நான்கு சொற்களையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். ககரம் முதலில் வல்லோசை. இரட்டிக்கும்போது அதுவே நீண்ட வல்லோசை. ஙகரத்தை அடுத்து வரும்போது குரல் அதிரும் ஓசை. இரண்டு உயிர்களுக்கு நடுவே உரசிக் கழியும் மெல்லோசை, பலர் வாயில் ஏறக்குறைய ஹகரம். ஓர் ஒலியன், அதன் மாற்றொலிகள் பல. சகரமும் இப்படியே: பச்சையில் ஒன்று, பஞ்சில் ஒன்று, பசியில் ஒன்று. தமிழ்க் குழந்தை இதைப் பாலோடு சேர்த்துக் கற்கிறது. ஆகவே நாம் இதைக் கவனிப்பதே இல்லை. இயந்திரத்துக்கு இவை அனைத்தும் வெவ்வேறு ஒலிகள். இடம் நோக்கி மாறும் இந்த விதி மிக ஒழுங்கானது, சில வரிகளில் எழுதிவிடலாம். எழுதிக் கொடுத்தால், ஆயிரக்கணக்கான மணி நேரத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதை அது முதல் நாளே பெற்றுவிடும்.

எழுத்துக்கும் வாய்க்கும் உள்ள இடைவெளி சொல்லின் கடைசியில்தான் மிகவும் அகலமாகிறது. பாக்கு, நாடு, பத்து ஆகியவற்றின் இறுதி உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் என்று இலக்கணம் சொல்வது வெறும் செய்யுள் கணக்கல்ல. இதழ் குவியாமல், சில வேளை மூச்சளவாகவே வெளிவரும் அந்த உகரத்தை இயந்திரம் கேட்பதே இல்லை. அடுத்து ஓர் உயிர் வந்தால் அது முற்றிலும் போய்விடுகிறது. பத்தும் ஆயிரமும் சேர்ந்தால் பத்தாயிரம். அதைவிடப் பெரிய சிக்கல் இறுதி மெல்லெழுத்துகள். பேச்சில் நாம் ‘அவன்’ என்பதன் னகரத்தைச் சொல்வதில்லை, அகரத்தை மூக்கால் சொல்கிறோம். ‘வந்தான்’ என்பது மூக்கொலி ஏறிய ‘வந்தா’. ‘வந்தாள்’ என்பதோ ளகரம் உதிர்ந்த, மூக்கொலி இல்லாத ‘வந்தா’. ஆண் வந்ததும் பெண் வந்ததும் ஓர் உயிரின் மூக்கொலியில் மட்டுமே வேறுபடுகின்றன. எழுத்திலோ அப்படி ஓர் உயிரே கிடையாது.

கண் பார்வை மங்கிய என் தாயார் கைப்பேசியில் எழுதுவதில்லை. பேசித்தான் செய்தி அனுப்புவார். தம்பி ஈப்போவிலிருந்து வந்து தங்கிய மறுநாள், அவர் என் அக்காவுக்குச் சொன்னது: “நேத்து ராத்திரி வந்தான், சாப்பிட்டான், தூங்குறான்.” அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது: “நேத்து ராத்திரி வந்தா சாப்பிட்டா தூங்குறா.” வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்குகிற அந்தப் பெண் யார் என்று கேட்டு அக்கா எனக்கு மூன்று முறை அழைத்துவிட்டார். அம்மாவின் உச்சரிப்பில் எந்தத் தவறும் இல்லை. நம்மில் யார் பேசினாலும் அப்படித்தான் பேசுவோம். மூக்குயிர் என்ற ஒன்று பேச்சுத் தமிழில் இருக்கிறது, அது பொருளை மாற்றுகிறது என்று பட்டியலில் எழுதப்படாததுதான் தவறு.

இதுவரை சொன்னவை சென்னைக்கும் மதுரைக்கும் பொருந்துபவை. இனிச் சொல்லப்போவது நமக்கே உரியது. என் நேரத்தின் பெரும்பகுதியைத் தின்பதும் அதுதான். ஊர்ப் பெயர்களிலேயே தொடங்குகிறேன். பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் என்ற பெயரில் இரண்டு பகரங்கள். முதலாவது குரல் அதிரும் ஒலி, இரண்டாவது அதிராத ஒலி. எழுத்தில் இரண்டும் ஒன்றே. பாயான் லெப்பாஸ், புக்கிட் மெர்தாஜாம், பத்து ஃபெரிங்கி என்று எழுதும்போது முதலெழுத்து ஒரு வகை. பினாங்கு என்று எழுதும்போது அதே எழுத்து வேறு வகை. கோம்பாக்கின் ககரமும் கெப்போங்கின் ககரமும் அப்படியே. பகாங், ஜொகூர் என்ற பெயர்களில் ககரத்தை நாம் ஹகரத்துக்காகவே எழுதி வைத்திருக்கிறோம். நடுவில் வரும் ககரம் எப்படியும் உரசி மெலியும் என்ற தமிழ் விதியை நம்பி நம் முன்னோர் செய்த அழகான ஏற்பாடு அது. மலாய் மொழியின் அரைகுறையாக ஒலிக்கும் எகரம் தமிழில் கிடையாது. ஆகவே அதே உயிரைச் சிலாங்கூரில் இகரமாகவும், கெடாவில் எகரமாகவும், மலாக்காவில் அகரமாகவும் எழுதிக்கொண்டோம்.

எனக்கு மிகவும் பிடித்தது தகரமும் டகரமும் செய்துகொண்ட உடன்பாடு. துன், தான் ஸ்ரீ, தாமான் என்று எழுதுகிறோம். டத்தோ, டாமான்சாரா என்று எழுதுகிறோம். மலாயில் இந்த இரண்டு ஒலிகளுக்கும் முதன்மையான வேறுபாடு குரல் அதிர்வு. நம் எழுத்தில் அதிர்வைக் காட்ட வழியில்லாததால், நாக்கு தொடும் இடத்தை மாற்றிக்காட்டி அந்த வேலையை முடித்துக்கொண்டோம். எந்தக் குழுவும் கூடி முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. நாளிதழ் அச்சுக்கோப்பவரும் கடைப் பலகை எழுதுபவரும் சேர்ந்து செய்திருக்க வேண்டும். இதைச் சென்னையில் பயின்ற இயந்திரம் எப்படி அறியும்?

மேலும், ஒரே ஆள் ஒரே உரையாடலில் ஓர் ஊரை இரண்டு விதமாகச் சொல்வார். பெற்றோரிடம் கிள்ளான், அலுவலகத் தோழரிடம் அதே ஊர் மலாய் ஒலியோடு க்லாங். முன்னதில் தமிழ் தன் விதிப்படி மெய்மயக்கத்தை உடைத்து இகரம் செருகி, ஈற்றை னகரமாக்கி, ளகரத்தை இரட்டித்திருக்கிறது. எழுத்தில் ஒன்றாக இருக்க வேண்டிய இந்த இரண்டும் ஒலியில் வெகு தொலைவில் நிற்கின்றன. உச்சரிப்பு அகராதியில் கிள்ளான் என்ற ஒரு சொல்லின் கீழ் இரண்டு ஒலிக்கோவைகளை எழுதிவிட்டால் முடிந்தது. எழுதாவிட்டால் இயந்திரம் ‘கிளாம்’, ‘கிலோ’ என்று எதையாவது தேடிப் பிடித்துக்கொண்டு வரும், வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் வளர்ந்த செவியைத் தமிழுக்குப் பழக்குவதில் ஒரு நுட்பமான இடர் உண்டு. அதிரும் ஒலி, அதிராத ஒலி என்று நாம் எளிதாகச் சொல்வது, உதடு திறப்பதற்கும் குரல்நாண் அதிரத் தொடங்குவதற்கும் இடையே உள்ள நேர அளவு. 1964இல் லிஸ்கரும் ஏப்ராம்சனும் பதினொரு மொழிகளில் இதை அளந்தார்கள்; தமிழும் அவற்றில் ஒன்று. ஆங்கிலத்தில் சொல் முதலில் வரும் வல்லொலிகள் மூச்சோடு வெடிப்பவை, அதிர்வு நெடிது தாமதிக்கும். தமிழிலும் மலாயிலும் மூச்சு இல்லை, தாமதமும் மிகக் குறைவு. ஆகவே நம் ‘பால்’, ஆங்கிலச் செவிக்குப் பந்தைக் குறிக்கும் சொல்லின் பக்கமாகச் சாய்ந்து கேட்கும். தகர டகர வேறுபாட்டுக்கும் இதே கதி. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாத வயதில் இந்தியின் தகர டகரங்களைப் பிரித்தறிகின்றன, பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் குன்றிவிடுகிறது என்று வெர்க்கரும் டீஸும் 1984இல் காட்டினார்கள். குழந்தைக்குத் திறன் குறைவதற்குக் காரணம், தன் வீட்டு மொழியில் பொருளை மாற்றாத வேறுபாட்டைக் கவனித்துப் பயனில்லை என்று கற்றுக்கொள்வது. பெரும்பகுதி ஆங்கிலம் கேட்டு வளர்ந்த இயந்திரமும் ‘பட்டு’, ‘பத்து’ வேறுபாட்டை அப்படித்தான் அலட்சியம் செய்கிறது என்பது என் கணிப்பு. ‘பாட்டு கேஸ்’ அங்கிருந்து பிறந்திருக்கலாம்.

ழகரத்தைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டிலும் இங்கும் எந்த மொழிக் கூட்டமும் முடிவதில்லை. இந்த மடலும் முடியாது. ர, ற, ல, ள, ழ என்ற ஐந்தையும் ஒலிக்கும் வாயைக் காந்தப் படமெடுத்தும் நாக்கின் அசைவை அளந்தும் நாராயணன், பேர்ட், கோன் ஆகியோர் 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாக்கு இத்தனை நெருக்கமான வடிவங்களை எடுத்து வேறுபடுத்துவது உலக மொழிகளிலேயே அரிது. ஆனால் நம் நாட்டில் அன்றாடப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவும், ஒரு சாரார் வாயில் லகரமாகவும் ஒலிக்கிறது. ரகர றகர வேறுபாடு ஏறத்தாழ இல்லை. ஆசிரியர்களே, இதில் உங்கள் வருத்தம் எனக்குத் தெரியும், வகுப்பறையில் நீங்கள் திருத்துவதும் முறை. ஆனால் பேச்சுணரி வகுப்பறை அன்று. “வாளப்பளம் ஒரு சீப்பு” என்று கேட்பவருக்கு வாழைப்பழம் என்று எழுதிக் கொடுப்பதே அதன் கடமை. அவர் நாக்கைத் திருத்துவது அன்று. உச்சரிப்பு அகராதியில் வாழைப்பழத்துக்கு மூன்று ஒலிக்கோவைகள் இருக்கட்டும். எழுத்தைப் படித்துக் காட்டும் இயந்திரம் செய்யும்போது மட்டும் ஒரே ஒரு கோவை, சரியான ழகரத்தோடு, இருக்கட்டும். கேட்கும்போது தாராளம், பேசும்போது கண்டிப்பு என்ற இந்த இரட்டை நீதி இங்கே நியாயமானதே.

தாராளமாகக் கேட்டால் குழப்பம் வராதா? வழி, வலி, வளி மூன்றும் ஒன்றாகிவிடுமே என்றால், தொடரில் பக்கத்துச் சொற்கள் காப்பாற்றும். “தலை வலிக்கிறது” என்ற இடத்தில் வழியைத் தேடி யாரும் போகமாட்டார்கள். காப்பாற்றாத இடம் ஒற்றைச் சொல்லும் பெயர்களும். தொலைபேசியில் பெயரை மட்டும் கேட்கும் ஒரு சேவையில் வள்ளியும் வல்லியும் பக்கத் துணையின்றித் தனியே நிற்கிறார்கள். அங்கே இயந்திரம் ஊகிக்காமல் திரும்பக் கேட்க வேண்டும். எங்கு கேட்க வேண்டும் என்பதை முடிவு செய்யவும், எந்த ஒலியன்கள் ஒன்றோடொன்று மயங்குபவை என்ற பட்டியல் வேண்டும்.

யாருடைய வாயைக் கேட்பது என்பது அடுத்த கேள்வி. ஆங்கில ஒலியன் ஆய்வுக்கு அடிப்படையாக அமைந்த டிமிட் என்ற ஒலித் தொகுப்பில் எட்டு வட்டாரங்களைச் சேர்ந்த 630 பேர், ஆளுக்குப் பத்து வாக்கியம் படித்தார்கள். ஒலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் குறிக்கப்பட்டது. அளவில் சிறியது, ஆனால் பல பத்தாண்டுகள் உழைத்தது. நமக்கும் அந்த அளவில் ஒன்று போதும், வட்டாரத் தேர்வு சரியாக இருந்தால். தோட்டத்தில் பிறந்து தாமான் என்னும் நகர்க் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள், பினாங்கின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், வீட்டில் மலாய் கலந்து பேசும் இளைஞர்கள் என்று எல்லோரும் அதில் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தலைமுறைகளாக வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களை மறந்துவிட வேண்டாம். நாம் ‘காத்து’ என்று பல்லில் சொல்லும் சொல்லை யாழ்ப்பாண வழக்கு நாக்கு நுனியை மேல்முரசில் வைத்து ஒலிக்கிறது. தமிழ்நாட்டு வழக்கை மட்டும் அறிந்த இயந்திரம் அதை டகரம் என்றுதான் நினைக்கும். நம் தமிழ் வானொலியான மின்னல் பண்பலையின் செய்தி வாசிப்பு தூய்மையானது, தேவையானது; ஆனால் நேயர் அழைத்துப் பேசும் நிகழ்ச்சிகளில்தான் நாடு பேசுகிறது. தொலைபேசி ஒலியில் ஏறத்தாழ 3400 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை வெட்டுப்பட்டு, சகர ஸகரங்களின் கூர்மை மழுங்கிவிடும் என்பதால், அந்த ஒலியையும் தனியாகப் பழக்க வேண்டும்.

கலந்து பேசுவதைக் குறையாகக் கருதி வடிகட்டிவிடாதீர்கள். “அண்ணே, ஜாலான் ஈப்போ ஃபுல்லா ஜாம், நான் டோல் வழியா வர்றேன், பசியாற வாங்கிட்டு வரவா?” என்ற ஒரு மூச்சுப் பேச்சில் மூன்று மொழிகள் இருக்கின்றன. ஆனால் ஒலியன் வரிசைகள் மூன்று அல்ல. பேசியவர் ‘ஜாம்’ என்பதைத் தமிழ் மூக்கொலியோடும் ‘ஃபுல்லா’ என்பதைத் தமிழ் ஈற்றோடும் சொல்வார். மூன்று மொழிக்கும் தனித்தனி ஒலியன் பட்டியலை அடுக்கிவைப்பதைவிட, இந்த ஊர்த் தமிழர் வாயில் உண்மையில் வழங்கும் ஒலிகளுக்கென ஒரே பட்டியல் செய்து, மலாய்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அதன்வழி எழுதுவதே சரி என்று கருதுகிறேன். பொறியாளர்கள் மறுக்கலாம், மறுப்பதற்கு முன் ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுதிப் பாருங்கள்.

அளவீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நூறு சொல்லில் எத்தனை சொல் தவறு என்ற கணக்கு தமிழுக்கு ஓரவஞ்சனை செய்கிறது. ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல். அதன் நடுவே ஓர் ஒலி தவறினால் முழுச்சொல்லும் தவறாக எண்ணப்படும். அதே கணக்கில், ‘வந்தான்’ ‘வந்தா’ ஆனதும் ஒரு பிழைதான், ‘வந்தான்’ ‘பந்தல்’ ஆனதும் ஒரு பிழைதான். ஒலியன் அளவிலும் பிழை எண்ணி, எது எதுவாக மாறியது என்ற அட்டவணையை வெளியிடுங்கள். ழகரம் ளகரமாவதும், மூக்குயிர் மறைவதும், பகரத்தின் அதிர்வு தவறுவதும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அடுத்து எதைத் திருத்துவது என்பது தெரியும்.

தமிழைக் கணினியில் எழுத உதவிய முரசு அஞ்சலும் கைப்பேசியில் எழுத உதவிய செல்லினமும் மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கியவை. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. எழுத்துக்கு வழி செய்த ஊர் பேச்சுக்கும் செய்யும் என்று எதிர்பார்ப்பது பேராசை அன்று. முதல் தவணையாக நான் கேட்பது இவ்வளவே: மலேசிய ஊர்ப் பெயர்கள், சாலைப் பெயர்கள், தொடர்வண்டி நிலையங்கள், பட்டங்கள், உணவுப் பெயர்கள் ஆகியவற்றுக்கு, ஒவ்வொன்றும் வழங்கும் எல்லா ஒலிக்கோவைகளோடும், எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஓர் உச்சரிப்பு அகராதி. ஆசிரியர்கள் கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும், எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று எழுதக் கூடாது. பொறியாளர்கள் அந்த ஒலிகளுக்குரிய குறியீடுகளை முதலில் முடிவு செய்து தர வேண்டும், பாதியில் மாற்றக் கூடாது.

என்னிடம் திருத்தக் குறிப்பேடுகள் நான்கு இருக்கின்றன. இடப்பக்கம் இயந்திரம் எழுதியது, வலப்பக்கம் பேசியவர் சொன்னது, அடியில் அவர் எந்த ஊர்க்காரர் என்ற குறிப்பு. பேசியவர்களின் பெயர்களை நீக்கிப் படியெடுத்துத் தருகிறேன். வார நாள்களில் மாலை ஏழு மணிக்கு மேல் செந்தூலில் எங்கு வரச் சொன்னாலும் வருவேன். கையெழுத்து மோசமாக இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
சப்டைட்டில் திருத்துபவர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.